முகத்துக்கு மட்டும் வெள்ளை

மனுசத் தோல் என்ன நிறம்னு தெரியாத சனங்க மதுரையில எம்புட்டுப் பேரு இருக்காங்களோ, அம்புட்டுப் பேரும் ஆனையூர்ல என் ஸ்டுடியோவுக்குத்தான் வாராங்க. படியேறினதும் ஒரே பேச்சுதான். "சிவபாண்டிண்ணே, கொஞ்சம் கலராக் காட்டுங்க." கலருன்னா இவிங்களுக்கு வெள்ளை. மாநிறமெல்லாம் கணக்குலயே வராது. தூ!

போன மாசம் வாடிப்பட்டியில இருந்து கனகலட்சுமின்னு ஒரு அம்மா மகளக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. எழுமலையில ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்பணுமாம். பிள்ளை பேரு தமிழ்ச்செல்வி, லேப்புல ரத்தம் எடுக்குற வேலை. நல்ல மாநிறம். வெளிச்சம் பட்டா அப்படியே வாங்கிக்கிற தோலு.

பச்சைச் சேலையில வந்திருந்துச்சு. அந்தச் சேலை நிறம் தாடைக்கு அடியில பச்சையா அடிக்கும். கொண்டுவந்த மஞ்சச் சேலைய மாத்தச் சொல்லி, மேற்கு ஜன்னல் ஓரமா உக்கார வச்சு, நாலரை மணி வெயிலுக்குக் காத்துக் கெடந்தேன். நிழல் பக்கம் வெளிச்சத்தத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாக்கோல் வைக்காம சந்தன நிறத் துணியப் பிடிச்சேன். கேமராவுல மஞ்சளை ஒரு துளி கூட்டினேன். சத்தியமாச் சொல்றேன், இத்தனை வருசத்துல நான் எடுத்த நல்ல படம் அது.

"நான் இம்புட்டு நல்லாவாண்ணே இருக்கேன்?"னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு.

அம்மாக்காரி எட்டிப் பாத்தா. "என்ன தம்பி, கருவாடு மாதிரி எடுத்து வச்சிருக்கீங்க? எங்கண்ணன் மகளை வேற கடையில ரோஸ் கலரா ஆக்கிக் குடுத்தாங்களே! உங்களுக்கு அதெல்லாம் வராதா?"

எனக்கா வராது? சுர்ருன்னு ஏறிருச்சு. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, முகத்த மட்டும் மவுஸால வளைச்சுப் பிடிச்சு வெள்ளைய ஏத்தினேன். மைதாவுல முக்கி எடுத்த கணக்கா ஆயிருச்சு. மூக்கு எங்க இருக்குன்னு தேடணும். கழுத்தையும், மடியில இருந்த ரெண்டு கையையும் தொடல. வேணும்னேதான் தொடல. இந்த அறிவுகெட்ட பொம்பளைக்குக் கண்ணு இருக்கான்னு பாப்போம்னு ஒரு திமிரு.

"அம்மா, கை..."ன்னு தமிழ்ச்செல்வி ஆரம்பிச்சுச்சு.

"சும்மா இருடி. மகாலட்சுமி மாதிரி இருக்கு"ன்னு அந்தம்மா படத்த வாங்கிக்கிட்டுப் போயிருச்சு. அவங்க படி இறங்கினதும் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

நேத்து மத்தியானம் தமிழ்ச்செல்வி தனியா வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல படத்தப் பாத்துட்டு, கை கருப்பா இருக்கு, முகம் வெளுத்திருக்கு, பொண்ணுக்கு வெண்குஷ்டம்னு முடிவு கட்டிட்டாங்களாம். தரகர் சின்னச்சாமி அதை வாடிப்பட்டி பூராப் பரப்பிட்டாராம். கேட்டு வந்த இன்னொரு இடமும் போயிருச்சு. லேப்புக்கு ரத்தம் குடுக்க வந்த ஒரு அம்மா, நீ என்னத் தொடாதன்னு கைய இழுத்துக்கிச்சாம்.

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே தாயி!"

"முகத்துல இருக்குற மாநிறந்தான் மேக்கப்பாம்ணே. வெளுப்ப மறைக்கப் பூசிட்டு வாரேனாம்."

"முட்டாப் பயலுக!"ன்னு கத்திட்டேன். "கொஞ்சமாச்சும் அறிவிருக்கா அவிங்களுக்கு?"

"இல்லதாண்ணே. எங்கம்மாவுக்கும் இல்ல. உங்களுக்கு இருந்துச்சுல்ல?"

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, வெள்ளை ஏத்தாத அந்தப் பழைய படத்தத் தேடி எடுத்தேன். நாலரை மணி வெயிலு கன்னத்துல அப்படியே இருந்துச்சு.

"இதப் பெருசாப் போட்டுத் தாரேன் தாயி. எல்லாருக்கும் காட்டு. இதான் நீயின்னு சொல்லு."

தமிழ்ச்செல்வி குனிஞ்சு அதப் பாத்துச்சு. அப்புறம் பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிச்சு.

"வேணாம்ணே. இதத்தான் பொய்யின்னு சொல்லுவாங்க."