நவம்பர் எட்டு, மூன்றாம் தெரு

வந்திருந்தவர்கள்: நகரங்களின் கூட்டுக் காப்பீட்டு நிதியிலிருந்து மார்லிஸ். எங்கள் மேயர் ஆர்லீன். ஊரின் பொதுப்பணி மேற்பார்வையாளர் விர்ஜில். பக்கத்து ஊரில் அதே வேலை பார்க்கும் லைல். நிதியின் குழுவிலும் அவர் உறுப்பினர். மூன்றாம் தெரு அயோன். கழிவுநீர் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் நான், வெஸ். என்னை அயோன்தான் கூப்பிட்டாள்.

ஜனவரியில் மூன்றாம் தெருக் குழாய் அடைத்துக்கொண்டது. ஒன்பது வீடுகளின் நிலவறைகளில் சாக்கடை ஏறியது. அயோன் தன் நிலவறையில் குழந்தைகள் காப்பகம் நடத்தி, அந்த வருமானத்தில் வீட்டுக்கடன் கட்டிவந்தாள். இப்போது நனைந்த சுவர்ப் பலகைகளைக்கூடப் பெயர்த்துப் போட்டாயிற்று. நிதி கொடுத்தால் திரும்பத் திறப்பாள். கொடுக்காவிட்டால் வீடு வங்கிக்குப் போகும்.

அறுபத்திரண்டு சிற்றூர்கள் ஆண்டுதோறும் பணம் போடும் ஒரே பானைதான் இந்த நிதி. ஊர் தன் குழாயை முறைப்படி சுத்தம் செய்திருந்தால் ஊர்மேல் குற்றமில்லை, பானையைத் திறக்க வேண்டாம். செய்யாமல் விட்டிருந்தால் நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும். விர்ஜிலின் பதிவேட்டில், அடைப்புக்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு வரி இருந்தது: நவம்பர் 8, மூன்றாம் தெரு, அழுத்த நீர் பாய்ச்சிச் சுத்தம்.

அந்த வரி உண்மையாக இருப்பது அயோனைத் தவிர எல்லோருக்கும் வசதி. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

"விர்ஜில் எழுதினா எழுதினதுதான். முப்பது வருஷப் பழக்கம்," என்றார் லைல்.

"உங்க ஊர்க் காசும் அதே பானையிலதானே கிடக்கு?" என்றாள் அயோன்.

"உன் வரியும்தாம்மா கிடக்கு."

ஆர்லீன் சுட்டுக் கொண்டுவந்திருந்த எலுமிச்சை கேக் துண்டுகளை யாரும் தொடவில்லை. எங்கள் ஊரில் அது நல்ல அறிகுறி இல்லை.

நான் என் தாளை மேசையில் வைத்தேன். குழாயில் அழுத்தமாக நீர் பாய்ச்சினால் வேரும் கொழுப்பும் இரண்டு மணி நேரத்தில் எங்கள் சல்லடையில் வந்து மாட்டும். ஒவ்வொரு ஷிப்டும் எவ்வளவு அள்ளினோம் என்று எழுதுவோம். மூன்றாம் தெரு முழுக்கக் குழாய்க்குள் வேர் விடும் எல்ம் மரங்கள். முந்தைய ஆண்டு சுத்தம் செய்தபோது மூன்று தொட்டி வந்தது. இந்த முறை அந்த வாரம் முழுக்க, பகலும் இரவும், வழக்கமான அரைத் தொட்டிதான்.

"வேர் விடாத வருஷம்னு வெச்சுக்கோ," என்றார் விர்ஜில். "ராத்திரி பூரா சாக்கடைய மோந்துட்டு உக்காந்திருந்தா எல்லாமே நாறத்தான் செய்யும், வெஸ்."

லைல் சிரித்தார். மார்லிஸ் தாளை என் பக்கம் தள்ளினார். "இத மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க." அவர் குரலில் நிம்மதி இருந்தது.

அயோன் பதிவேட்டின் நகல்களை இழுத்தாள். இரண்டு ஆண்டுத் தாள்களையும் அருகருகே வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே போனாள்.

"நாலாம் தெரு, ரெண்டு வருஷமும் அஞ்சாம் தேதி. மூணாம் தெரு, ரெண்டு வருஷமும் எட்டாம் தேதி."

"ஒழுங்கா வேலை பாக்குறது ஒரு குத்தமா?" என்றார் விர்ஜில்.

"முந்தின வருஷம் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை சனிக்கிழமை." அவள் நிமிர்ந்தாள். "மான் வேட்டை ஆரம்பிக்கிற சனிக்கிழமை, விர்ஜில்."

அந்தச் சனிக்கிழமை விடிவதற்குள் எங்கள் வட்டாரத்தில் பாதிரியார்கூடத் துப்பாக்கியோடு மரப் பரணில் ஏறியிருப்பார். விர்ஜில் பழைய தாளைப் பார்த்து எழுதி, ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார். கிழமையைப் பார்க்கவில்லை.

"லைல், நீங்களும் இவரும் ஒரே பரண்லதானே உக்காருவீங்க?" என்றாள் அயோன்.

லைல் காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மான் அடிச்சோம். சட்டப்படி அன்னிக்கே அதப் பதிவும் பண்ணியாச்சு. நேரம், இடம் எல்லாம் அரசாங்கத்துக்கிட்ட இருக்கு." பிறகு மார்லிஸைப் பார்த்தார். "அவன் அன்னிக்கு ஊர்ல இல்ல. எழுதிக்கோங்க."

முப்பது வருஷப் பழக்கத்தை முடிக்க அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது.

"வருஷா வருஷம் வந்து தாள் நிறைஞ்சிருக்கானு நீங்கதானே பாத்தீங்க," என்று விர்ஜில் மார்லிஸிடம் சொன்னார். "நிறைச்சு வெச்சேன். குழாய எட்டிப் பாக்க ஒருத்தரும் வரலையே."

மார்லிஸ் அயோனிடம் திரும்பினார். "நிதி கொடுத்துடும். மத்த எட்டு வீட்டுக்கும் சேர்த்து."

"எழுதிக் குடுங்க."

"கடிதம் வந்துரும்."

"இப்பவே."

மார்லிஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அயோன் இரண்டு முறை படித்தாள். தேதியைச் சரிபார்த்தாள். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விர்ஜில், நீங்க வெளிய இருங்க," என்றார் ஆர்லீன். "உங்க வேலையப் பத்தி நாங்க பேசணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். என் நாற்காலியைக் கடக்கும்போது நின்றார்.

"உன் தாளையும் ஒருநாள் யாராவது கேப்பாங்கடா."

வெளியே போனார். ஆர்லீன் எழுந்து, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.