அண்ணை என்று அழைக்கப்பட்ட மாப்பிள்ளை

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம் லண்டனில் அடித்த குளிரில், வாயை விட்டு வந்த சொல் எதிராளியின் காதுக்குப் போகுமுன் உறைந்து விழுந்தது. குகதாசனுக்கு அதில் நட்டமில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் வாய் திறக்காத குற்றத்துக்காகத் தட்டிக்கழிக்கப்பட்டவன் அவன். செவன் கிங்ஸ் பகுதியில் இன்று பார்க்கப் போகிற வீடும் தவறினால் கனடாவுக்கு, மாமாவிடமே போய்விடுவதென்று இருந்தான்.

வழியில் ஃபாரஸ்ட் கேட்டில் கார் நின்றது. அதைக் கிண்டியதில் இரண்டு கையும் எண்ணெய்க் கரி. பெண்ணின் தாய் கமலாம்பிகை கதவைத் திறந்து பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

"இவ்வளவு நேரமே தம்பி? வீடு ஐஸ் பெட்டியாக் கிடக்குது. வீட்டைச் சூடாக்கிற பொயிலர் குசினிக்குள்ள. மாப்பிள்ளை முன்னறையில இருக்கிறார், சத்தம் போடாமல் போம்."

முன்னறையில் கோட்டும் டையுமாக ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார். உண்மையில் பொயிலர் திருத்த வந்தவர் அவர்தான். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடித்து நேரே வந்திருந்தார். வந்தவர் சாப்பிடுமுன் யாரென்று கேட்பது அந்த வீட்டில் மரியாதையில்லை. அவர் எழும்பப் பார்க்கும்போதெல்லாம் தட்டில் இன்னொரு வடை விழுந்தது.

வேறு மாப்பிள்ளை பிடித்துவிட்டார்கள் என்று குகதாசன் திரும்பியிருப்பான். ஆனால் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், பெண் கலாவதி பட்டுச் சேலையை இழுத்துச் செருகி, பொயிலரின் மூடியைக் கழற்றி வைத்திருந்தாள்.

"அண்ணை, இந்த டோர்ச்சைப் பிடியுங்கோ."

அண்ணை. பெண் பார்க்க வந்தவனுக்கு இந்தப் பெயர். பிடித்தான்.

"டோர்ச்சைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறியள் அண்ணை. தொழிலுக்குப் புதுசே?"

"ஓம்," என்றான். பொய்யில்லை.

அவள் கொண்டையூசியை உருவி, அடைத்திருந்த புகைக்கரியைக் குத்தி எடுத்தாள். நீலச் சுவாலை எழும்பியது. இப்படியொருத்தியை அவன் கண்டதில்லை. ஜன்னல் பனி அவளைப் பார்த்துத்தான் உருகியதென்று பிறகு சத்தியம் செய்தான்.

முன்னறையில் கமலாம்பிகை, "தம்பியின்ர பேர்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"சவிரிமுத்து, அம்மா. வடை திறம். இனிப் பொயிலரைப் பாப்பம்."

கமலாம்பிகை குசினிக் கதவைத் திறந்தார். "அப்ப நீங்கள்?"

"குகதாசன். மாப்பிள்ளை."

"ஐயோ, பிள்ளை அண்ணை எண்டெல்லே கூப்பிட்டிட்டாள்," என்று கமலாம்பிகை கதிரையில் சாய்ந்தார். "இனி எப்பிடி?"

சவிரிமுத்து சுவாலையைக் குனிந்து பார்த்தார். "நல்ல வேலை. ஆர் செய்தது?"

மூன்று வீட்டில் திறக்காத வாய் அப்போது திறந்தது. "இவதான். நான் டோர்ச் பிடிச்சனான். சாகுமட்டும் பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பன்."

கலாவதி அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய நெருப்பைப் பட்டென்று அணைத்தாள்.

"முதல்ல இருந்து தொடங்குவம்," என்றாள், மனைவிமார் புருஷன்மாரைக் கூப்பிடுகிற அதே சொல்லை எடுத்து. "இஞ்சாருங்கோ, டோர்ச்சைப் பிடியுங்கோ."