இரண்டு வெள்ளைக் கோடுகள்

ஜெல்லில்தான் பிழை இருக்க வேண்டும், யா அல்லாஹ். என்னில் இருக்கக் கூடாது.

வாய் திறக்காமல் வேண்டியபடி மர்ளியா கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். மாப்பொருள் கலந்த ஜெல் அயடீன் பட்டு நீலமாகியிருந்தது. பட்டுப்புழுவின் இரத்தத்திலுள்ள அமிலேசு நொதி மாப்பொருளைத் தின்ற இடம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும். வெக்கை தாங்கும் இனத்துக்கு மேலே ஒரு கோடு. மலைநாட்டு இனத்துக்குக் கீழே ஒரு கோடு. வெக்கை இனமென்று அவள் சோதித்த நாற்பது புழுக்களில் ஆறுக்கு இரண்டு கோடுகளும் இருந்தன. மூன்றாவது தடவையும் அதேதான்.

எங்கே கலந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். போன தலைமுறை கூடு கட்டும் சமயம் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கச்சான் என்ற சூடான மேல்காற்று கடலோரக் களப்பின் உப்பை வாரி அடித்தது. வேலைக்காரர்களைத் தொழுகைக்கு அனுப்பிவிட்டு, தனியாளாகப் பார்க்க வசதியென்று இரண்டு இனத்துத் தட்டுகளையும் ஒரே அறையில் வைத்து, யன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டினாள். கூடு கட்ட இடம் தேடும் புழு சும்மா கிடக்குமா? தட்டு மாறி ஊர்ந்திருக்கிறது. கூடுகளெல்லாம் வெள்ளை, கண்ணால் பிரிக்க முடியாது. கூடு விட்டு வந்த அந்துப்பூச்சிகள் இனம் மாறி இணைந்து இட்ட முட்டைகளில்தான் இந்த ஆறும் பொரித்திருக்க வேண்டும்.

"முடிஞ்சா மர்ளியா?" நிலையப் பொறுப்பாளர் பதியுதீன் படிவத்தோடு உள்ளே வந்தார். "நாளைக்குக் குறிஞ்சிப்பிட்டிப் பொம்புளைகளுக்கு முட்டை குடுக்கணும்."

"கலப்பு இருக்கு சேர். ஆறு புழுவுல."

அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "நாப்பதுல ஆறுதானே! நாம என்ன கலியாணமா பேசுறம், வம்சம் பாக்க? அந்த ஆறையும் உட்டுட்டு, சுத்தம் எண்டு எழுதி சைன் வைங்க. ஒங்கட நிரந்தர நியமனமும் இந்த மாசம் வருதுல்லா?"

எழுதினால் பெருநாளைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நிம்மதி ஒரு கணம் நெஞ்சில் இனிப்பாக இறங்கியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்தக் கலப்பு அந்தப் பெண்கள் வீட்டுத் தகரக் கூரை வெக்கையைத் தாங்குமா என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இலை பறித்து இரவுபகலாகத் தீனி போடப்போகிறவர்கள், புழு செத்தால் தங்கள் கையைத்தான் குறை சொல்வார்கள்.

அவள் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தாள். பேனையை எடுக்கவில்லை.

"தட்டுகளை ஒண்டா வெச்சது நான்தான் சேர், பெருநாளண்டைக்கு," என்றாள். படிவத்தை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள். "சுத்தம் எண்டு எழுத எனக்கு ஏலா."