உப்பின் முன்னால் ஒரு கறுப்பு அபாயா

கறுப்பென்றால் எல்லாம் ஒரே கறுப்புத்தானே என்று சொல்கிறவர்களோடு அஸ்மியாவுக்குப் பேச்சே பிடிக்காது. போன வருசம் கொழும்புக் கடைக்காரர் நூர்தீனும் அதைத்தான் சொன்னார். கல்பிட்டியில் அவள் தைத்த அபாயா அங்கிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, இதில் என்ன வித்தியாசம் இருக்கிறது தங்கச்சி என்று கையை விரித்தார். தோளில் இருந்து கணுக்கால் வரை அவள் பிடித்த மடிப்பு ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை. கரிக்கட்டைக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. இந்தப் பெருநாளுக்கு இன்னொரு தரம் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் படம் அனுப்பு என்றிருக்கிறார். இதுவும் தப்பினால் அவர் கடையை அவள் மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் கண்டக்குழிக் கடற்கரை லொட்ஜ் ஒன்றுக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோனாள். அங்கே மேசையில் தடித்த படப் புத்தகம் ஒன்று கிடந்தது. எழுபது வருசத்துக்கு முன்னே பிரெஞ்சுக்காரன் ஒருவன் பாரிஸில் எடுத்த உடுப்புப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி வெள்ளைச் சுவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். முகம் இல்லை. ஆனால் கோட்டின் தையல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விட்டிருக்கிறான், கெட்டிக்காரன்! அஸ்மியா நின்ற நிலையிலேயே முழுப் புத்தகத்தையும் புரட்டினாள். திரைச்சீலை மாட்ட வந்ததே மறந்துபோயிற்று.

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு, கலியாண வீடுகளில் படம் எடுக்கும் தம்பி ரிஃபாஸை உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உப்புக் குவியலைவிட வெள்ளைச் சுவர் எந்தப் பாரிஸில் இருக்கிறது? அபாயா போட்டு நிற்க மாமி மகள் றிஷ்னாவும் வந்தாள். வடிவான பிள்ளை, இருபது வயசு. ஆனால் நாள் முழுக்கக் கைபேசிக்குள் குனிந்து குனிந்து கழுத்து முன்னுக்குப் போயிருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அபாயா கொடியில் காய்கிற மாதிரியே தொங்கியது. வெளிச்சம் போகுது ராத்தா என்று ரிஃபாஸ் அவசரப்படுத்தினான். அஸ்மியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் தலையில் உப்புக் கூடையோடு ஆசியா உம்மா வரம்பில் நடந்து வந்தார். ஐம்பத்தாறு வயசு, முப்பது வருசமாக உப்புச் சுமக்கிறவர். கூடையை இறக்கிவிட்டு அவர் நிமிர்ந்த நிமிர்வைக் கண்டதும் அஸ்மியா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள், விசயத்தைச் சொன்னாள்.

"முகம் படத்துல விழுமா?" என்று கேட்டார் ஆசியா உம்மா.

"இல்ல சாச்சி. முதுகு மட்டுந்தான்."

"அப்ப எனக்கென்ன. குடு, போட்டுப் பாப்பம்."

குவியலுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். தோளில் இருந்து துணி ஒரே இழுப்பில் இறங்கியது. சாய்ந்த வெயில் மடிப்புக்கு மடிப்பு ஏறியது. எப்படி நிற்பது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரிஃபாஸ் படம் படமாக எடுத்துத் தள்ளினான்.

படங்களைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை நூர்தீன் கைபேசியில் கோல் எடுத்தார். பெருநாள் ஓடர் அவளுக்குத்தான். ஆனால் வரப்போகிற படங்களிலும் அதே பிள்ளைதான் நிற்க வேண்டும், எந்தக் கம்பனி மொடல் என்று கேட்டார். பொய் சொல்லிவிடலாமா என்று அஸ்மியாவின் நாக்கு ஒரு நொடி தடுமாறியது. என் அபாயாவுக்கு என்ன பொய் வேண்டிக்கிடக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள்: பெயர், வயசு, வேலை எல்லாம். சொல்லி முடித்ததுமே ஓடர் போயே போச்சு என்று நினைத்தாள்.

"அந்த ராத்தா இன்னும் வருவாவா எண்டு கேட்டுச் சொல்லுங்க தங்கச்சி" என்றார் நூர்தீன், மெதுவாக.

கேட்பதற்கு உப்பளத்துக்கே ஓடினாள். ஆசியா உம்மா உப்புக் கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"முப்பது வருசமா இந்த முதுக ஊரே பாத்திருக்கு" என்றார். "நான் ஒருத்திதான் பாக்கல்ல."

கைபேசியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை.