வெள்ளிக்கிழமை உப்பு

மெக்கானிக் ஹரிபாபு படகுக்குள் இறங்கிய நேரம் பார்த்து ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "அக்கா, டிபன் உந்தா?" என்று ஒருவன் தெலுங்கில் கேட்டான். "லேது", இல்லை என்றேன். ஏழு வருஷமாக இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. திருப்பதி–சென்னை ரோட்டை ஒட்டி, வடமாலபேட்டை மாந்தோப்பு நடுவில், முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்று இரும்புக் கால்கள்மேல் நின்றால் பார்க்கிறவனுக்கு ஓட்டல் என்றுதான் தோன்றும். வந்தவன் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். வருகிறவன் போகிறவன் கண்ணெல்லாம் இந்தப் படகுமேல்தான்.

என் வீட்டுக்காரர் தேவேந்திரன் இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். யார் யார் கப்பலையோ துடைத்துத் துடைத்து ரிட்டையர் ஆனவருக்குத் தன் பேரில் ஒரு படகு வேண்டும் என்று ஆசை. சென்னையில் யாரோ விட்டுவிட்டுப் போனதை வாங்கி, டிரெய்லரில் ஏற்றித் தோப்புக்குக் கொண்டுவந்தார். ஆறு மாசத்தில் சரிபண்ணித் தண்ணீரில் இறக்கிவிடுவேன் என்றார். ஆறு மாசமாம்! கரையில் நிற்கிற படகுக்கு எவ்வளவு வேலை என்று எனக்கல்லவா தெரியும். வெயிலில் பெயின்ட் கொப்பளிக்கும். சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஜன்னல் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பாய்த்துணியை எலி கடிக்கும்; நான் தையல் மிஷினில் ஒட்டுப்போடுவேன். பாய்மரம் இறங்குகிற ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் ஒழுகும். எத்தனை பசை வைத்து அடைத்தாலும் ஒழுகி, உள்ளே தரைப்பலகைக்குக் கீழே பள்ளத்தில் தேங்கும். மாமரத்துக்கு மருந்தடிக்க ஆள் இல்லை, படகுக்கு நாங்கள் ரெண்டு ஆள். அலுத்துப்போய்விட்டது எனக்கு. உள்ளதைச் சொல்கிறேன், இந்தச் சனியன்மேல் இடி விழட்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தத் தை மாசம் இறக்கியே ஆகவேண்டும். அவருக்கு இடது கண்ணில் பிரஷர் ஏறிப் பாதிப் பார்வை போய்விட்டது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. அடுத்த வருஷம் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது என்று திருப்பதி டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. கிருஷ்ணபட்டினம் துறைமுகத்தில் இறக்கி, பாண்டிச்சேரி வரைக்கும், எஞ்சின் போடாமல் வெறும் காற்றில் ஒரு தடவை. அடுத்த புதன்கிழமை கிரேன் வரச் சொல்லியாகிவிட்டது. படகின் அடியில் தொங்குகிற இரும்புக் கனத்துக்குக் கீல் என்று பேர். படகைக் கவிழாமல் பிடிப்பது அதுதான். அதை மாட்டியிருக்கிற போல்ட்டுகளை ஒரு தடவை பார்த்துவிடத்தான் ஹரிபாபு வந்திருந்தார்.

உள்ளே சுத்தியல் சத்தம் டங், டங் என்று வந்தது. அப்புறம் ஒன்று டொப் என்றது. அடுத்ததும் டொப். காபி டம்ளரோடு ஏணியில் ஏறி எட்டிப்பார்த்தேன். ஹரிபாபு ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். நட்டு, போல்ட்டோடு சேர்ந்து பிய்ந்து, மக்கின கரும்புச் சக்கை மாதிரி அவர் கையில் வந்தது. அவர் பள்ளத்துத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"அண்ணா, இது எத்தன வருஷமா கரையில நிக்குது?"

"ஏழு" என்றார் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர்.

"அப்போ இது மழத்தண்ணிதானே? உப்பு கரிக்குது அண்ணா. கடலத் தாண்டி கரிக்குது."

டம்ளரைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டேன்.

ரெண்டாம் வருஷம் இவர் இதே ஏணியிலிருந்து விழுந்து, மூணு மாசம் காலில் கட்டோடு கிடந்தார். கண் பட்டதுதான், வேறென்ன? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவர் மார்க்கெட்டுக்குப் போகும் நேரத்தில், கல்லுப்பு ஒரு கைப்பிடி எடுத்துப் படகை மூணு சுற்றுச் சுற்றிவருவேன். சுற்றின உப்பைத் தரையில் போடக்கூடாது, கால் படும். தண்ணீரில்தான் போடவேண்டும். உப்பு கரைகிற மாதிரி கண்ணும் கரைந்துபோகும். படகுக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது, இதற்கென்று வாளி எதற்கு என்று பலகையைத் தூக்கி அதிலேயே போட்டேன். அஞ்சு வருஷம். கோடையில் தண்ணீர் வற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும். பெயின்ட் உதிருகிறது என்பார் இவர். அந்தக் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

"கீல கழட்டி எல்லா போல்ட்டும் மாத்தணும் அண்ணா. இப்படியே எறக்கினா நடுக்கடல்ல கீல் கழண்டுடும். இந்த வருஷம் ஆகாது. கிரேன வேணாம்னுடுங்க."

இவர் பிய்ந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "என் தப்புதாம்பா" என்றார். "வாங்கினப்பவே நல்ல தண்ணி உட்டு கழுவியிருக்கணும். பழைய கடல் உப்பு உள்ளயே இருந்துக்கினு துன்னுட்டுது."

ஹரிபாபு போய்விட்டார். இவர் கிரேன்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். எதற்கு என்று அவன் கேட்டிருப்பான் போல. "என் தப்பு" என்று அவனிடமும் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழி எந்தக் கடல்மேலோ போய்விட்டது. ஆனால் இந்த மனுஷன் சாகிறவரைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருப்பாரே, அதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது?

"அது கடல் உப்பு இல்லீங்க. நான் போட்டது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்ல கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தனது படகுக்கா, எனக்கா?"

"இன்னா கேள்வி இது? படகுக்கு இன்னா ஆனா எனக்கென்ன?"

அவர் எழுந்து ஏணியில் ஏறினார். உள்ளே குவளையால் மொள்ளுகிற சத்தம் கேட்டது. வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினார். நான் அதை மாமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊற்றப்போனவள் நின்றுவிட்டேன். மரம் பட்டுப்போகும். வேலி ஓரமும் கத்திரிச் செடி. கிணற்றுப் பக்கம் போகவே முடியாது.

"எங்கங்க ஊத்தறது?"

"கடல்லதான் ஊத்தணும்" என்றார் மேலிருந்து. கோபமா கேலியா என்று தெரியவில்லை. வாளியைப் படகின் இரும்புக் கால் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் என்னை அறியாமலே கை உப்பு ஜாடிக்குள் போய்விட்டது. மூடிய கையோடு வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. படகுக்கு அடியில் படுத்துக் கீலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டார். திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அவர் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, கிழக்கே பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் தலையைச் சுற்றி மூணு சுற்றுச் சுற்றினேன். உப்பை அந்த வாளியில் போட்டேன். குச்சி எடுத்துக் கலக்கியும் பார்த்தேன். அஞ்சு வருஷத்து உப்பைக் குடித்த தண்ணீரில் அது கரையவில்லை. கல் கல்லாக அப்படியே அடியில் கிடந்தது.