மனேபாவில் ஒரு முகவரி

கினாயின் மடிக்கணினியில் பக்கம் பளிச்சென்று நின்றது. தலைநகர்த் தீவான தாராவாவுக்குப் படகு புறப்படும் நாள், பாக்கி இருக்கைகள், யாருடைய கொப்பரை மூட்டை எத்தனை, எல்லாம் வரிசையாக. அதே முகவரியை அண்ணன் இயோத்தெபாவின் கைபேசியில் அடித்தால், இணைக்க முடியவில்லை என்ற ஒரே வரி. மூன்றாவது முறையும் அதேதான்.

"மீனில்லாத கடல் மாதிரி இருக்குடி," என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினான்.

"சிரிக்காதண்ணே. வைஃபை எல்லாம் சரியாத்தான் இருக்கு."

சிரிக்க அவனுக்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வந்திருக்கும் சூரிய மின்கலம் ஒன்றுதான். அது தீவு அலுவலக எழுத்தர் கினாயின் கணினிக்கா, மீனவர்களின் ஐஸ் பெட்டிக்கா என்று மதியம் இதே மனேபாவில், ஊர்ப் பொதுக்கூடத்தில், கூடும் ஊர்ச்சபை முடிவு செய்யும். ஐஸ் பெட்டிக்காகப் பேசப்போகிறவன் அவன்.

கினாய்க்கு வடக்கு முனையில் வாழும் பிவேனாவின் நினைவாகவே இருந்தது. ஜூன் மாதம் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்து, வராத படகுக்காக இரண்டு நாள் துறையில் கிடந்தாள். படகு பழுதானது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். வடக்கு முனையில் ஒருவருக்கும் தெரியாது. வடக்கே கைபேசிக் கோபுரம் எழும்பியதும் இந்தப் பக்கங்களை இணையத்தில் ஏற்றலாம். அதுவரை அவற்றை உருவாக்கிப் பார்க்கக் கணினிக்குள்ளேயே ஒரு சர்வரை ஓடவிட்டிருந்தாள். கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பதுதான் சர்வரின் வேலை. அதற்கு இணையம்கூட வேண்டாம், கூடத்திலுள்ள கைபேசிகளை வைஃபையில் கணினியோடு இணைக்கும் ஒரு சின்ன ரவுட்டர் போதும். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிகிற பக்கத்தை நம்பி யார் மின்கலம் தருவார்கள்?

மதியம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூரைவிளிம்புக்குக் கீழே குனிந்து நுழைந்தவர்கள் யாரையும் கேட்காமல் அவரவர் குடும்பத்துக்கு உரிய உத்தரத்தின் கீழ் போய் அமர்ந்தார்கள். தெற்கு ஊர்க்காரர் ஒருவர் மட்டும் நடுவில் விழித்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா நிக்கிறீரு? உம்ம இடத்துல போய் உக்காரும்," என்றான் இயோத்தெபா.

"என் இடம் எங்க ஊரு மனேபாவுலல்ல இருக்கு. போய் உக்காந்துட்டு வரட்டுமா?"

கூட்டம் சிரித்தது. கினாய் சிரிக்கவில்லை. அவள் எல்லோருக்கும் சொல்லியிருந்த முகவரி லோக்கல்ஹோஸ்ட். அதற்குப் பொருள், கேட்கிற இந்த இயந்திரமே. அவள் கணினியில் அடித்தால் அவள் கணினி. அண்ணன் கைபேசியில் அடித்தால் அண்ணன் கைபேசி. அது தன் இடத்திலேயே படகைத் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறது. பொய்யொன்றும் சொல்லவில்லை.

ரவுட்டர் தன் கணினிக்குக் கொடுத்திருந்த எண்ணைப் பார்த்து அண்ணன் கைபேசியில் அடித்தாள். அப்போதும் திறக்கவில்லை. பிறகு சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். எந்த முகவரியில் காது கொடுப்பது என்ற வரியில் 127.0.0.1 என்று இருந்தது. தன் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டும் பதில் சொல் என்கிற எண் அது. அழித்துவிட்டு 0.0.0.0 என்று எழுதினாள்: எந்த வாசலில் கூப்பிட்டாலும் பதில் சொல். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். பவளக்கல் தூணில் சுண்ணக்கட்டியால் ரவுட்டர் கொடுத்த எண்ணையும், அதன் பின்னால் சர்வரின் கதவு எண்ணையும் பெரிதாக எழுதினாள்.

ஆட்கள் கைபேசிகளில் அதை அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு பிவேனா கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். "படகு செவ்வாக்கிழமைன்னு போட்டிருக்கு."

இயோத்தெபா தன் திரையை விரலால் மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போனான்.

"என் மூட்டை பதினாலுன்னு இருக்கு. பதினஞ்சு."

"மாத்திடறேன்ணே."

"மாத்து. ஐஸ் பெட்டியப் பத்தி நான் பேசத்தான் போறேன், சொல்லிட்டேன்."

"பேசு."

பின்வரிசையில் கண் தெரியாத கிழவர் ஒருவர், தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் பேத்தி கைபேசியோடு காத்திருந்தாள். இயோத்தெபா பேச எழுந்தவன், தூணைத் திரும்பிப் பார்த்து, முதலில் அதை உரக்கப் படித்தான்:

"நூத்தித் தொண்ணூத்திரண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி, எட்டு, புள்ளி, இருபது. அப்புறம் மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி. எட்டாயிரம்."