மேசன் நிமிர்த்திய சைக்கிள்

என் மகன் கோபிசங்கரின் அந்தியேட்டிக் கிரியைக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அவனுடைய சைக்கிளைப் பொலிஸ் திருப்பித் தந்தது. மருதனார்மடச் சந்தியில் வான் ஒன்று மோதி என் பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டான். சைக்கிளுக்கோ முன் சில்லை இரண்டு காலால் பிடித்திருக்கும் ஃபோர்க் மட்டும்தான் வளைந்திருந்தது. அந்த இரும்பின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தியேட்டியன்று இறந்தவருக்கென்று குடை, செருப்பு, பாய் எல்லாம் ஐயருக்குத் தானம் கொடுப்போம். அங்கே அவருக்குப் போய்ச் சேருமாம். நான் சைக்கிளையும் கொடுப்பதென்று நின்றேன். பக்கத்துக் கடைக்கும் நடக்கமாட்டான் என் பிள்ளை, சரியான பஞ்சிக்காரன். ஓடாத சைக்கிளை எப்படிக் கொடுப்பது?

"றஞ்சித்தின்ரை சைக்கிள் கடையிலை குடுத்துச் செய்விப்பமே?" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

"என்ரை பிள்ளையின்ரை சாமானிலை வேறை ஆரும் கை வைக்கப்படாது."

ஃபோர்க்கைக் கழற்றி, அதன் தண்டை மாமரக் கவட்டில் இறுக்கி, கால் ஒவ்வொன்றிலும் இரும்புப் பைப்பைக் கொளுவி இழுத்தேன். நான் முப்பது வருட மேசன். தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து இழுத்தேன். பின்னேரம் இரண்டு காலும் நூல் பிடித்ததுபோல நேராக நின்றன. பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைக்க வெட்கமாயிருக்கிறது.

சில்லைப் பூட்டியதும் ஞானாம்பிகை வந்து பார்த்தாள்.

"என்னப்பா இது? கால் நுனி முன்னுக்கு வளைஞ்செல்லோ இருக்கும். எல்லாச் சைக்கிளும் அப்பிடித்தானே?"

மதிலில் சாத்தியிருந்த என் சைக்கிளைப் பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. நாற்பது வருடம் ஏறி ஓடியும் நான் அதைக் கவனித்ததில்லை.

"உங்களுக்கு எல்லாம் நேரா நிக்கவேணும்." அவள் அழத் தொடங்கினாள். "அண்டைக்கும் பிள்ளை வெளிக்கிடேக்கை, கூனாமல் நிமிர்ந்து ஓடடா எண்டு பேசித்தானே அனுப்பினீங்கள்."

பேசினேன். அவன் திரும்பிப் பாராமல் போனான். நான் அவனோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

அடுத்த நாள் ஃபோர்க்கைத் திரும்பவும் கவட்டில் இறுக்கி, நுனியை வளைக்கப் பார்த்தேன். பாதியில் ஒரு கால் படக்கென்று முறிந்தது. பைப்பை எறிந்துவிட்டு மாமரத்தடியிலேயே இருந்து அழுதேன்.

அந்தியேட்டியன்று கீரிமலைக் கடற்கரையில் குடையையும் பாயையும் கொடுத்தேன். செருப்பை மட்டும் விட மனமில்லாமல் கையில் வைத்திருந்தேன். ஐயர் கையை நீட்டியபடி பொறுத்திருந்தார்.

"நடந்துதான் போகவேணும் ராசா," என்றேன். "கூனிக்கொண்டே போ. அப்பா ஒண்டும் சொல்லமாட்டன்."